ஒன்பதாம் அத்தியாயம்: புத்தளத்து வெயிலில் நைட்ரஸ்

1944 இல் புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு விமானத்தளம் இருந்தது. ரஜாலியா என்பது அதன் பெயர். கோர்செயார் போர்விமானங்களை அங்கே யானை கட்டி இழுத்து நிறுத்தினார்கள். அந்தக் காட்சி புகைப்படமாகவே இருக்கிறது. யானை இழுத்த விமானத்தின் மூக்குக்குள் 18 சிலிண்டர், 2,000 குதிரைவலு எஞ்சின். அதன் பிந்திய வகைகளில் எஞ்சினுக்குள் தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடும் சேர்ந்தது. பீய்ச்சினால் வலு 2,250 வரை ஏறும், ஆனால் சில நிமிடங்களுக்கு மட்டும்.

அதே போரில் ஜெர்மன் விமானப்படை வேறு வழியில் போனது. ஏறத்தாழ 8,000 மீற்றருக்கு மேலே காற்று மெலிந்து எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அந்த உயரத்தில் திரவ நைட்ரஸ் ஒக்சைட்டைத் தொட்டியில் சுமந்துபோய் எஞ்சினுக்கு ஊட்டினார்கள். ஜி.எம்.1 என்று அந்த அமைப்புக்குப் பெயர். இன்று ரேஸ் கார்களின் டிக்கியில் படுத்திருக்கும் நீல நிறப் போத்தல் அதன் பேரப்பிள்ளை.

இடையில் அமெரிக்க ஓட்டக்காரர்கள் இதைக் களவாகப் பயன்படுத்திய காலமும் உண்டு. 1976 இல் டேடோனா 500 போட்டியின் தகுதிச் சுற்றில் ஏ. ஜே. ஃபொய்ட், டரல் வோல்ட்ரிப் இருவரின் நேரங்களும் நைட்ரஸ் காரணமாகத் தள்ளுபடியாயின. இரண்டு வருடம் கழித்து, 1978 இல், கலிபோர்னியாவில் என்.ஓ.எஸ். நிறுவனம் அதையே கடையில் வைத்து விற்கத் தொடங்கியது. 2001 இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அன்ட் த ஃபியூரியஸ்' படம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. கராஜுக்கு வந்து "நானா, நைட்ரஸ் ஒன்று அடிக்கலாமா?" என்று கேட்கும் பொடியன்களில் பெரும்பாலானோர் அந்தப் படத்தின் பிள்ளைகள். படத்தில் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்கு வெளியே உலகம் கோடுகோடாக நீளும். நிஜத்தில் நடப்பது ஒரு சின்னக் கணக்கு. அந்தக் கணக்கு தெரியாமல் போத்தலைத் தொட்டால் பிஸ்டன் உருகும்.

முதலில் தெளிவாக்க வேண்டியது, நைட்ரஸ் ஒக்சைட் எரிபொருள் அல்ல. தானாக எரியவும் எரியாது. இரண்டு பங்கு நைதரசனும் ஒரு பங்கு ஒட்சிசனும் சேர்ந்த வாயு அது. எடையில் 36 வீதம் ஒட்சிசன். நாம் மூச்சிழுக்கும் காற்றில் 23 வீதம்தான். சிலிண்டருக்குள் போய்ச் சூடு ஏறியதும் நைட்ரஸ் பிளந்து அந்த ஒட்சிசனை விடுகிறது. பிளக்கும்போதே கொஞ்சம் வெப்பத்தையும் கொடுக்கிறது. ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு கனன்று எரியும், ஆனால் விறகு கூடுவதில்லை. ஊதிக்கொண்டே இருந்து விறகு வைக்க மறந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். எஞ்சினில் அப்படி மறந்தால் விறகுக்குப் பதிலாகப் பிஸ்டன் எரியும்.

கணக்கை ஒரு உண்மையான எஞ்சினில் போட்டுப் பார்க்கலாம். ஏ3 வீதியில் சிலாபத்திலிருந்து புத்தளம் வரை நின்று எண்ணினால் டொயோட்டா கொரோலா 121 எத்தனையோ கடந்து போகும். 1.5 லீற்றர் எஞ்சின், சுமார் 109 குதிரைவலு. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 75 கிராம் காற்றை உள்ளே இழுக்கும். அதில் ஒட்சிசன் 17 கிராம். இதன்மேல் செக்கனுக்கு 23 கிராம் நைட்ரஸைச் செலுத்தினால் இன்னும் 8 கிராமுக்குச் சற்று அதிகமான ஒட்சிசன் சேரும். ஒட்சிசன் பாதி கூடியது. அதற்கேற்ற பெற்றோலும் போனால் வலுவும் ஏறத்தாழப் பாதி கூடும். 50 குதிரைவலுக் கிட் என்று கடையில் சொல்வது இதைத்தான். அதற்கேற்ற பெற்றோல் எவ்வளவு? அந்தச் சுற்றில் வழமையாகச் செக்கனுக்கு 6 கிராம் குடிக்கும் எஞ்சினுக்கு மேலதிகமாக 2.5 முதல் 3 கிராம் வேண்டும். இருபது வருடம் ஓடிய பெற்றோல் பம்பும் மாற்றாத ஃபில்டரும் அதைக் கொடுக்குமா என்பதே முதல் கேள்வி. போத்தலுக்குக் காசு சேர்ப்பதற்கு முன் ஒரு பிரஷர் கேஜைப் பூட்டி, எஞ்சினை முழுப் பாரத்தில் ஓட்டி, ஊசி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் நைட்ரஸ் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு பம்பை மாற்றலாம்.

நைட்ரஸ் தரும் இரண்டாவது உதவி குளிர். போத்தலுக்குள் அழுத்தத்தில் திரவமாக இருப்பது நொசிலை விட்டு வெளியே வந்ததும் கொதித்து ஆவியாகிறது. அதன் கொதிநிலை மைனஸ் 88 பாகை. சுற்றியுள்ள காற்றின் சூட்டை அது உறிஞ்சிவிடும். கற்பிட்டிப் பக்கத்துப் பகல் காற்றுக்கு இது பெரிய வரம். 32 பாகைச் சூட்டில், ஈரப்பதன் 75 வீதம் என்றால், காற்றின் கொள்ளளவில் 3 வீதத்துக்கும் மேல் வெறும் நீராவி. சூட்டில் காற்று ஏற்கனவே மெலிந்திருக்க, மீதி இடத்திலும் கொஞ்சத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. மத்தியானத்தில் வண்டி இழுவையில்லாமல் நிற்கிறது, இரவில் நன்றாக ஓடுகிறது என்று சாரதிமார் சொல்வது பிரமை அல்ல.

கிட்டில் இரண்டு வகை உண்டு. ஈரக் கிட்டில் நைட்ரஸும் மேலதிகப் பெற்றோலும் ஒரே நொசில் வழியாகப் பாயும். இரண்டுக்கும் தனித்தனிச் சொலினொய்ட் வால்வு. உலர் கிட்டில் நைட்ரஸ் மட்டும் போகும், பெற்றோலைக் கூட்டும் பொறுப்பு எஞ்சினின் கணினிக்கு. பழைய ஜப்பான் கார்களின் கணினியை மாற்றி எழுத வசதி இல்லாத கராஜுக்கு ஈரக் கிட்டே பொருத்தம். எது பூட்டினாலும் நான்கு காவல்கள் கட்டாயம்: முதன்மை சுவிட்ச், எக்ஸ்லேட்டர் முழுதாக மிதிபட்டால் மட்டும் தொடும் சுவிட்ச், பெற்றோல் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸை வெட்டும் சுவிட்ச், குறித்த சுற்றுகளுக்கு இடையில் மட்டும் திறக்கும் விண்டோ சுவிட்ச். கடைசி இரண்டையும் செலவு என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்த இரண்டு இல்லாவிட்டால் பூட்டாமலே இருப்பது மேல்.

விண்டோ சுவிட்சுக்குக் காரணம் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் நொசில் ஒரே அளவில்தான் ஊற்றும். 50 குதிரைவலு என்பது 6,000 சுற்றில் 59 நியூட்டன் மீற்றர் முறுக்கு. அதே 50 குதிரைவலு 3,000 சுற்றில் 119 நியூட்டன் மீற்றர். 121 இன் எஞ்சின் தானாகக் கொடுக்கும் உச்ச முறுக்கே 140 சொச்சம். ஆக, தாழ்ந்த சுற்றில் திறந்தால் கொன்றோட்டும் கிளட்சும் ஒரே நொடியில் ஏறக்குறைய இரட்டிப்புப் பாரத்தைத் தாங்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்த சுற்றில் பெற்றோல் இன்டேக் குழாயிலேயே தேங்கி, தீப்பற்றி, இன்டேக்கையே வெடித்துத் தள்ளும். 3,500 சுற்றுக்குக் கீழே திறக்காதபடி வைப்பது இந்த நூலின் பரிந்துரை.

இனி, இந்தக் கரையோரத்துக்கென்றே சொல்ல வேண்டிய விஷயம். வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் போத்தலைச் சூடாக்கச் சொல்லும். அதற்கென்று மின்சாரப் போர்வையே விற்கிறார்கள். புத்தளத்தில் அதை வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

போத்தலுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதன் வெப்பநிலை. 20 பாகையில் ஏறக்குறைய 50 பார். 30 பாகையில் 63 பார், அதாவது கேஜில் 915 பி.எஸ்.ஐ. அளவு. பெரும்பாலான கிட்களின் ஜெட்கள் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. வரை என்று கணக்கிட்டே துளையிடப்படுகின்றன. அப்படியானால் பாலாவியிலோ உடப்பிலோ நிழலில் வைத்த போத்தல், எந்தப் போர்வையும் இல்லாமல், சரியான அழுத்தத்தில் தானே வந்து நிற்கும். குளிர் நாட்டுக்காரன் காசு கொடுத்து வாங்குவதை இங்கே கடற்கரை சும்மா கொடுக்கிறது.

சிக்கல் வெயிலில். 36.4 பாகைக்கு மேல் நைட்ரஸ் திரவமாக இருக்க முடியாது. எவ்வளவு அழுத்தினாலும் சரி, திரவம், ஆவி என்ற பிரிவே அழிந்துவிடும். சாத்திய காரின் டிக்கி மதியம் 50 பாகையை எளிதாகத் தொடும். அந்த நிலையில் ஓட வெளிக்கிட்டால் நொசிலுக்கு வருவது ஜெட் எதிர்பார்த்த திரவம் அல்ல. எவ்வளவு ஒட்சிசன் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பெற்றோல் பக்கம் மட்டும் பழைய அளவில் ஊற்றிக்கொண்டிருக்கும். கலவை சில வேளை செறிவாகும், சில வேளை மெலியும். மெலிந்த பக்கம்தான் எஞ்சினைக் கொல்லும்.

அதைவிடக் கவனம் தேவைப்படுவது நிரப்பும் அளவு. சாதாரண போத்தல் 4.5 கிலோ கொள்ளும். உள் கொள்ளளவு 6.7 லீற்றர் அளவில் இருக்கும். முழு எடைக்கும் நிரப்பினால் 30 பாகையைத் தாண்டும்போதே திரவம் விரிந்து போத்தல் முழுவதையும் பிடித்துவிடும், ஆவிக்கு இடமே மிஞ்சாது. அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தம் செங்குத்தாக எழும். 50 பாகையில் 100 பாரைத் தாண்டும். போத்தலின் கழுத்தில் உள்ள பாதுகாப்புத் தகடு ஏறத்தாழ 3,000 பி.எஸ்.ஐ. இல் கிழிந்து வாயுவை வெளியே விடும்படி செய்யப்பட்டது. கிழிந்தால் நாலரைக் கிலோவும் சாத்திய காருக்குள் கொட்டும். ஆகவே இந்தக் கரையில் 3.8 கிலோவோடு நிறுத்துவது புத்தி. வெடிப்புத் தகட்டிலிருந்து காருக்கு வெளியே ஒரு குழாய் வைப்பதும், போத்தலை ஈரச் சாக்கால் மூடிவைப்பதும், ஓட்டம் முடிந்ததும் கழற்றி நிழலுக்குக் கொண்டுபோவதும் பழக்கமாக வேண்டும். நிரப்பும்போது தராசைத்தான் நம்ப வேண்டும், கேஜை அல்ல. திரவம் ஒரு கரண்டி மிச்சம் இருக்கும்வரை கேஜ் முழுப் போத்தல் போலவே காட்டும்.

50 குதிரைவலுக்கு 3.8 கிலோ எத்தனை நேரம் வரும்? செக்கனுக்கு 23 கிராம் என்றால் 165 செக்கன். மூன்று நிமிடம்கூட இல்லை. காசைச் சேர்த்துவைத்தவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கலாம்.

இதே கிட்டோடு மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். 1934 இலிருந்து நடக்கும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி நுவரெலியாவில். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அந்த நகரம். காற்றின் அடர்த்தி இங்குள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. எஞ்சின் இழுக்கும் காற்று குறையும், ஆனால் போத்தலில் உள்ள ஒட்சிசன் குறைவதில்லை. ஜெர்மன் விமானிகள் கண்ட இலாபம் அதுதான். ஆனால் காலைக் குளிரில், 15 பாகையில், போத்தல் 45 பாருக்கு இறங்கிவிடும். கற்பிட்டியில் கச்சிதமாக இருந்த ஜெட் அங்கே நைட்ரஸைக் குறைத்து ஊற்றும், பெற்றோல் மிஞ்சும், எஞ்சின் கறுப்பாகப் புகைத்துத் தடுமாறும். மின்சாரப் போர்வைக்கு இலங்கையில் ஒரு வேலை இருக்கிறது என்றால் அது நுவரெலியாவில்தான்.

உப்பு அடுத்த எதிரி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கற்பிட்டித் தீபகற்பத்தை வீசியடிக்கும். கடலிலிருந்து உப்பு, உப்பளங்களிலிருந்து இன்னும் உப்பு, கூடவே மணல். சொலினொய்ட்டின் வயர் முனைகள் பச்சை பூத்துப்போகும். பச்சை பூத்தால் மின்சாரம் குறையும். பெற்றோல் பக்கத்துச் சொலினொய்ட் பாதி திறந்து, நைட்ரஸ் பக்கம் முழுதாகத் திறந்தால் மறுபடியும் மெலிந்த கலவைதான். முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, வயர் முனைக்குரிய கிறீஸ் பூசி, ரப்பர் உறை போட வேண்டும். ரிலேயை பொனட்டுக்குள் வைக்காமல் டாஷ்போர்டுக்குக் கீழே வைத்தால் ஆயுள் கூடும். ஆனால் அதே கிறீஸ் கையோடு போத்தல் வால்வைத் தொடக்கூடாது. உயர் அழுத்த நைட்ரஸ் ஓடும் வழியில் ஒயிலோ கிறீஸோ இருந்தால் அது தீப்பிடிக்கும். குழாய் மரைகளுக்கு வெள்ளை டேப் சுற்றும் பழக்கமும் இங்கே ஆகாது. டேப்பின் ஒரு நூல் பிய்ந்து ஜெட்டில் போய் அடைத்தால் போதும். மரைக்கு உரிய பசை தனியாக இருக்கிறது.

பெற்றோல் செட்டில் வழமையாக 92, 95 என இரண்டு ஒக்டேன் உண்டு. நைட்ரஸுக்கு 95 தான், பேச்சே இல்லை. கூடுதல் ஒட்சிசனில் தீ வேகமாகப் பரவுவதால் பொறி பறக்கும் நேரத்தைப் பின்தள்ள வேண்டும்: ஒவ்வொரு 50 குதிரைவலுக்கும் 2 பாகை என்பது கராஜ் விதி. பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாகவும், இடைவெளி 0.8 மில்லிமீற்றர் அளவுக்குக் குறுக்கியும் இருக்க வேண்டும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தி நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வைக்க வேண்டும். பூதக் கண்ணாடி ஒன்று கையில் இருந்தால் நல்லது. வெள்ளைப் பீங்கான் இளம் மண்ணிறமாக இருந்தால் நிம்மதி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை மெலிவு. பீங்கானில் மிளகுத் தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நொக் அடித்திருக்கிறது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே வெள்ளி மினுக்கம் தெரிந்தால் அது அலுமினியம். பிஸ்டன் தலை கரைந்து பிளக்கில் வந்து ஒட்டியிருக்கிறது. ஒரு பிளக்கில் மட்டும் அப்படி என்றால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். நான்கிலும் என்றால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

எந்த எஞ்சின் தாங்கும்? கொம்ப்ரஷன் பார்த்து நான்கு சிலிண்டரும் சமமாக இருந்தால், வார்ப்புப் பிஸ்டனோடு வந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் 35 முதல் 50 குதிரைவலு வரை தாங்கும். "75 ஜெட் போடுங்களேன்" என்பவருக்கு முதலில் அடித்துருவாக்கிய பிஸ்டன், கொன்றோட் விலையைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பேச்சு அதோடு அடங்கும். சிவிரி கியர் போட்ட கார்களும் ஹைபிரிட்களும் இந்த விளையாட்டுக்கு ஆகாது. திடீர் முறுக்கில் சிவிரியின் பட்டி வழுக்கும். டீசலுக்கு நைட்ரஸ் ஒத்துவரும், ஏனெனில் எரியாமல் புகையாய்ப் போகும் டீசலை அது எரித்துவிடும். அது தனிக் கலை, இந்த அத்தியாயத்தில் அடங்காது.

வாயுவைப் பற்றி இன்னும் ஒன்று. 1799 இல் ஹம்ஃப்ரி டேவி மோந்து பார்த்துச் சிரித்ததும், 1844 இல் ஹொரஸ் வெல்ஸ் பல் பிடுங்கப் பயன்படுத்தியதும் இதே வாயுதான். வாகனங்களுக்கு விற்பதில் மோந்து பார்க்காதபடி மிகச் சிறிதளவு கந்தகவீரொட்சைட்டைக் கலக்கும் வழக்கம் உண்டு. கராஜில் யாரும் அதை முகரக்கூடாது. உடம்பிலுள்ள விற்றமின் பி12 ஐ நைட்ரஸ் செயலிழக்கச் செய்துவிடும், தொடர்ந்து முகர்ந்தவர்களுக்குக் கால்கள் மரத்து நடை தளர்ந்திருக்கிறது. பிரித்தானியாவில் 2023 நவம்பரிலிருந்து முகர்வதற்காக அதை வைத்திருப்பதே குற்றம். மூடிய அறையில் கசிந்தால் காற்றைத் தள்ளிவிட்டு மூச்சையும் அடைக்கும். கதவைத் திறந்துவைத்து வேலை செய்ய வேண்டும்.

எங்கே ஓடுவது? வீதியில் அல்ல. நகரத்துக்கு வெளியே காருக்குச் சட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதைத் தொட 121 க்கு எந்தப் போத்தலும் தேவையில்லை. பாலாவி - கற்பிட்டி வீதி நேராகக் கிடப்பதைப் பார்த்துச் சபலம் வரும். அந்த வீதியில் சொந்தக்காரன் இல்லாத கழுதைகள் இரவில் நடுத்தாரில் நிற்கும், ஹோர்ன் அடித்தால் நகராது. கட்டுப்பாடான களத்திலேயே ஆபத்து போய்விடுவதில்லை: 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்று. புத்தளத்தவருக்குக் கிட்டிய களம் ஏ12 வழியே அனுராதபுரம் போய், சாலியபுரத்தில் கஜபா சூப்பர்குரோஸ். நைட்ரஸை எந்தப் பிரிவில் அனுமதிக்கிறார்கள் என்று ஒழுங்குவிதியை முன்கூட்டியே வாசித்துவிட்டே பதிய வேண்டும். வீதி வாகனத்தில் நிரந்தரமாகப் பூட்டுவதாக இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தையும் காப்புறுதிக்காரரையும் கேளாமல் கைவைக்கக்கூடாது.

பாவித்த கிட் வாங்குகிறவர்கள் குழாயையும் நொசிலையும் பார்ப்பதற்கு முன் போத்தலின் தோளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே எண்கள் குத்தியிருக்கும்: தாங்கும் அழுத்தம், செய்த மாதமும் வருடமும், கடைசியாக நீரழுத்தச் சோதனை செய்த திகதி. அமெரிக்க முறையில் அந்தச் சோதனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. தவணை கடந்திருந்தால் சோதித்த பிறகே நிரப்ப வேண்டும். எண்களின் மேல் பெயின்ட் அடித்து மறைத்திருந்தாலோ, அடிப்பக்கத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து குழி விழுந்திருந்தாலோ, அது உப்புத் தின்ற போத்தல். அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.